மோப்பச் சாவடி

பால் அடிப்பிடித்துக் கருகிப் புகை கிளம்பிய பிறகும், செண்பகவல்லி அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏளா, பாலு," என்றான் அவள் புருஷன் நயினார், கட்டிலில் படுத்தபடி.

அவள் திரும்பினாள். சட்டியிலிருந்து பழுப்பாகப் புகை எழுந்து கூரையில் முட்டிக்கொண்டிருந்தது. முந்தானையால் பிடித்து இறக்கினாள். அடி முழுக்கக் கரி. குனிந்து மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். வெறும் சூடுதான் மூக்கில் ஏறியது. வேறொன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது நயினார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பலேருந்து?"

அவள் ஒரு பூண்டுப் பல்லை உரித்துக் கடித்தாள். நாக்கு எரிந்தது. "காரம் தெரியுது," என்றாள். "வாடை இல்ல. அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுக்குப் பொறவுதான்."

"கதவச் சாத்து."

சாத்தினாள். சாத்தி என்ன பயன்? அது பழைய எஸ்டேட் லயன். ஒரே நீளச் சுவரில் வரிசையாக வீடுகள், கூரைக்கும் சுவருக்கும் நடுவே கைவிடுகிற அளவு சந்து. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் கடைசி வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். யாராவது இப்போது குரல் கொடுப்பார்கள், யாரு வீட்டுல பாலு தீயுது என்று கேட்பார்கள் என்று கதவில் முதுகை ஒட்டி நின்றாள். யாரும் கேட்கவில்லை. தெரிந்த சாமிக்கெல்லாம் மனதுக்குள் கும்பிடு போட்டாள்.

நெடும்பாறையில் செண்பகவல்லி மோப்பக்காரி. அவள் மூக்குக்காகத்தான் அந்த மலையில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. நயினாருக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் கிடைத்ததும் அதற்காகத்தான்.

கீழே எல்லாம் முடிந்து போயிருந்தது. ஏதோ ஒரு ஊரில் பிளாஸ்டிக் குப்பைமலையைத் தின்பதற்கென்று ஒரு கிருமியை உண்டாக்கினார்கள். அது குப்பையைத் தின்றது. பிறகு மின்கம்பியின் உறையைத் தின்றது, தண்ணீர்க் குழாயைத் தின்றது, போனை, டேங்கை, மருந்துப் பையைத் தின்றது. முதலில் தெருவில் ஒரு புளித்த வாடை வரும். பக்கத்து வீட்டில் மாவு பொங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வாரம் சுவருக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்தன. ஜனங்கள் அதற்குப் புளிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மோப்பக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்த அன்று டாக்டர் பெனாசிர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். மேலப்பாளையத்துக்காரர். மலை ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவர்தான் டாக்டர்.

"அதுக்கு மூளை கிடையாது. குப்பை எது, நமக்கு வேண்டியது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது."

"நமக்கே தெரியலையே டாக்டர்," என்றார் இருதயராஜ். அவரும் மோப்பக்காரர். "நான் ஜவுளிக்கடையில இருந்தவன். வாங்குறதுல பாதி, வாங்கும்போதே குப்பைதான்."

டாக்டர் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "குளிர்ல அது மெதுவா வளரும். அதனாலதான் இந்த மலை தப்பிச்சுது. ஓடையில சின்ன டர்பைன் ஓடுது. கம்பிக்கெல்லாம் பருத்தித் துணி சுத்தி அரக்குப் பூசிட்டோம். ஆனா டயாலிசிஸ் குழாய்க்கும் வடிகட்டிக்கும் மாத்து இல்ல. ஆஸ்பத்திரிக் கல் அறையில இருக்கிறதுதான் இருப்பு. கழுவிக் கழுவித்தான் போடணும். அந்த அறைக்குள்ள புளிப்பு வந்தா, மெஷின்ல படுக்கிற அத்தனை பேரும் போயிருவாங்க."

"கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாதா?" என்று செண்பகவல்லி கேட்டிருந்தாள்.

"பிசுபிசுன்னு கண்ணுக்குத் தெரியும்போது காரியம் முடிஞ்சிருக்கும். வாடைதான் முன்னால வரும். அதனாலதான் உங்க மூக்கு."

மலையில் இட்லி மாவு அரைக்கக் கூடாது என்பது அப்படி வந்த விதி. மாவு, பழைய சோறு, மோர் எதுவும் கூடாது. நல்ல புளிப்பு வாடை கெட்ட புளிப்பு வாடையை மறைத்துவிடும். உளுந்தைச் சாவடியிலேயே தடுத்துவிடுவார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. மூக்குப் போனால் இடம் போகும். பேச்சித்தாய் என்று மூன்றாவது மோப்பக்காரி ஒருத்தி இருந்தாள். ஜலதோஷத்தில் மூக்கு அடைத்து, மறுபடி திறக்கவே இல்லை. நேர்மையாகப் போய்ச் சொன்னாள். ஊரை நடத்தும் மன்றம் கூடியது. வீடு வேறு குடும்பத்துக்குப் போனது. பேச்சித்தாயின் புருஷன் மெஷினில் நயினாருக்குப் பக்கத்தில் படுப்பவன். அவனை நாற்காலியில் வைத்துக் கீழே தூக்கிப் போனார்கள். போகும்போது எல்லோருக்கும் கையைக் காட்டினான். அடுத்த சந்தைக்கு வந்தவர்கள் செய்தி சொன்னார்கள்.

*

சந்தை நாளன்று பழைய வனத்துறைச் சாவடியில் குறுக்குக்கட்டை இறங்கியிருக்கும். கட்டைக்கு அந்தப் பக்கம் கீழூர்க்காரர்கள் அரிசியும் காயும் கொண்டுவந்து வரிசையாக நிற்பார்கள். இந்தப் பக்கம் அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். மோந்து பார்த்து, "சுத்தம்" என்று மோப்பக்காரர் சொன்னால் பொருள் உள்ளே வரும். பாத்திரமாக இருந்தால் அண்டாவில் முங்கி எழ வேண்டும். மனுஷர் யாரும் வரக் கூடாது.

கட்டையில் நிற்கிறவர்கள் "வாங்க" என்று சொல்லக் கூடாது என்பதைச் செண்பகவல்லி கஷ்டப்பட்டுத்தான் பழகினாள். வாசலில் வந்து நிற்கிற எதிரியைக்கூட வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் சண்டை போடும் ஊர் அவளுடையது. இங்கே "நில்லுங்க" மட்டும்தான்.

அன்று அவள் எல்லாவற்றுக்கும் குனிந்தாள். அரிசி, கத்தரிக்காய், வெல்லம். எல்லாம் ஒன்றுபோல இருந்தன, காற்றைப் போல. "சுத்தம்," என்றாள். "சுத்தம்." இருதயராஜ் பக்கத்தில் நின்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னெல்லாம் அவர்தான் முந்திக்கொள்வார். கத்தரிக்காயை முகர்ந்து எந்தத் தோட்டம் என்று சொல்லிப் பெருமையடிப்பார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எல்லாத்தையும் எனக்கே விட்டுட்டிய?"

"உன் மூக்குதான் ராசியான மூக்கு தங்கச்சி," என்றார், அவளைப் பார்க்காமல்.

வரிசையின் கடைசியில் ஆவுடையம்மாள் நின்றாள், நயினாரின் அக்கா. அவளுடைய மகள் கோமுவுக்குப் போன மாதம் குழந்தை பிறந்திருந்தது. செண்பகவல்லி மலை மிளகும் பூண்டும் போட்டுப் பிரசவ லேகியம் கிண்டி, எவர்சில்வர் தூக்கில் வைத்துக் கீழே அனுப்பியிருந்தாள். அந்தத் தூக்கைத்தான் ஆவுடையம்மாள் கட்டையின் மேல் வைத்தாள்.

"நில்லுங்க மதினி."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன். வருஷக்கணக்கா நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்." சிரித்தாள். "பேத்தி நல்லா இருக்கா. உன் மூக்குதான் அவளுக்கு. தம்பி எப்படி இருக்கான்?"

"இருக்காக மதினி."

"ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேனே. முத்தத்துல நின்னு பாத்துட்டுப் போயிருதேன்."

"மதினி, தெரிஞ்சுக்கிட்டே கேக்குதிய."

"கேக்குறதுக்கு என்ன, வாய் வலிக்கவா செய்யுது." ஆவுடையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தூக்கத் தொறந்து பாரு."

செண்பகவல்லி திறந்தாள். அடியில் ஒரு கைப்பிடி உருட்டு உளுந்து இருந்தது.

"வெறுந்தூக்கையா திருப்பிக் குடுக்க முடியும்? சீனி இல்ல, கல்கண்டு இல்ல. வீட்டுல இதுதான் கெடந்துச்சு," என்றாள் ஆவுடையம்மாள். "ஆகாதுன்னு தெரியும். எடுத்துத் தீயில போட்டுரு. ஆனா வெறுந்தூக்காக் குடுத்தேன்னு இருக்கக் கூடாது."

"மோந்து பாரு தங்கச்சி," என்றார் இருதயராஜ்.

குனிந்தாள். ஒன்றுமில்லை. "சுத்தம்," என்றாள்.

தூக்கு அண்டாவுக்குள் போனது. உளுந்து தீக்குப் போக வேண்டும். மதினி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டில் கடைசியாகக் கிடந்த உளுந்து. அதை அவள் கண்முன்னே தீயில் கொட்ட செண்பகவல்லிக்குக் கை வரவில்லை. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள். இருதயராஜ் பார்த்தார். அண்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இடுப்பில் இருந்தது உளுந்து மட்டும்தானா? முடிச்சை அவிழ்த்துத் தட்டில் கொட்டினாள். வெள்ளையாக, அழகாக இருந்தது. எதையும் சொல்லவில்லை.

"நாளைக்கு உங்க முறை," என்றாள். "அந்தக் குழாய் உங்க ரத்தத்துல போவும். இன்னைக்கு எத்தனை மூட்டைக்குச் சுத்தம் சொன்னேன்னு எனக்கே தெரியல. நான் போய் டாக்டரம்மாட்ட சொல்லிருதேன்."

"சொன்னா என்ன ஆவும்னு தெரியும்லா."

"சொல்லாட்டா?"

நயினார் அவள் கையைப் பிடித்தான். ஊசி ஏறி ஏறிப் புடைத்துப்போன கை அவனுடையது. "இருதயராஜ் அண்ணாச்சி இருக்காரு. டாக்டரம்மா தினமும் காலையில கல் அறைய மோந்து பாக்காக. நீ ஒருத்தி மோக்காட்டா மலையா இடிஞ்சு விழுந்துரும்? கொஞ்ச நாள் பொறு. மூக்குத் தானா வந்துரும்."

அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. எழுந்துபோய்த் தீய்ந்த பால் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். கரி லேசில் விடவில்லை. எவ்வளவு தீய்ந்திருக்கிறது. கூரை வரை புகை. இடப்பக்கத்து ரோசம்மா, கடுகு கருகினால்கூட, 'என்ன செம்பகம், தாளிப்பு தூங்கிட்டா' என்று சுவரைத் தட்டுகிறவள். மூன்றாம் வீடு இருதயராஜ் வீடு. அதற்கடுத்தது மன்றத் தலைவர் வீடு.

ஒருவரும் சுவரைத் தட்டவில்லை.

தேய்த்த கை நின்றது. காய்ச்சல் அவளுக்கு மட்டுமா வந்தது? லயன் முழுக்க வந்தது. ஆஸ்பத்திரியிலும் வந்தது. இரண்டே நாள், ஓர் உயிர்ச்சேதமும் இல்லை என்று டாக்டர் எல்லோரையும் பாராட்டிப் பேசினார்.

யாரிடமாவது கேட்கலாம். உங்களுக்கு வாடை தெரிகிறதா என்று ஒரு வார்த்தை. கேட்டால், ஏன் கேட்கிறாய், உனக்குத் தெரியவில்லையா என்று திரும்பி வரும். அந்தக் கேள்விக்கு அந்தப் பக்கம், பேச்சித்தாயின் புருஷனைத் தூக்கிப் போன நாற்காலி நின்றது.

தட்டில் கிடந்த உளுந்தைப் பார்த்தாள். பிறகு அரிசிப் பானையைத் திறந்தாள்.

ஊறவைத்து, அம்மியில் சிறிது சிறிதாக அரைத்தாள். கரைத்து உப்புப் போட்டு, சின்ன மண்சட்டியில் ஊற்றி, அடுப்படியின் சூடான மூலையில் வைத்தாள். குளிர் நாட்டில் மாவு லேசில் எழும்பாது. ஆனால் அடுத்த சந்தைக்கு முந்தின நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரைத்து நின்றது. கீழூரில் என்றால் தெருவே சொல்லும். லயனில் ஒரு சத்தமும் இல்லை. ரோசம்மா வந்து, அடுப்படியில் நின்று, உப்பு வாங்கிக்கொண்டு போனாள்.

*

சந்தையன்று காலையில் சட்டியின் வாயைத் துணியால் கட்டிச் சாவடிக்கு எடுத்துப்போய் மேசையின் நடுவில் வைத்தாள். கேட்டால், கீழிருந்து வந்ததைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வாய்க்குள் அந்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கினாள். ஒருவர், ஒரே ஒருவர் மூக்கைச் சுளித்தால் போதும்.

இருதயராஜ் வந்தார். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு குளிரைப் பற்றிப் பேசினார். தலைவர் வந்தார், வரிசையைப் பார்த்தார், போனார். நுரை துணியை நனைத்துச் சட்டியின் வெளிப்பக்கம் வழிந்துகொண்டிருந்தது.

டாக்டர் பெனாசிர் ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கி வந்தார். மேசையோரம் நின்று கையுறையைக் கழற்றினார்.

"கல் அறை பாத்துட்டீயளா டாக்டர்?" செண்பகவல்லி கேட்டாள்.

"இப்பத்தான் பாத்தேன். சுத்தம்."

அவருடைய கை, மாவு வழிந்த சட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அப்போது கட்டைக்கு அந்தப் பக்கமிருந்து, வரிசையின் கடைசியிலிருந்து, மதினியின் குரல் வந்தது.

"ஏளா செம்பகம், யாரு வீட்டுல இட்லி? மாவு பொங்கிப் புளிச்சு ஊரே மணக்கு. உங்களுக்குத்தான் ஆகாதே?"

என்ன மாவு, எங்கே மாவு என்று யாரும் கேட்கவில்லை. இருதயராஜ் மெல்லத் தலையைத் திருப்பிச் சட்டியைப் பார்த்தார். டாக்டர் சட்டியைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி. "எனக்கு வாடை தெரியல. காய்ச்சலுக்குப் பொறவு. உங்களுக்கு?"

இருதயராஜ் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "பேச்சித்தாயி புருஷன நாற்காலியில தூக்கிட்டுப் போனதுல நானும் ஒரு ஆளு தங்கச்சி," என்றார். "எம் மகனும் அந்த மெஷின்லதான படுக்கான். நான் எப்படிச் சொல்லுவேன்."

டாக்டர் நின்ற இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். "நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்கன்னு நினைச்சேன்," என்றார். "மோப்பக்காரங்க ரெண்டு பேரு கீழே நிக்கிறாங்க, என் மூக்கு வர்ற வரைக்கும் சமாளிச்சிரலாம்னு."

ஆவுடையம்மாள் வரிசையை விட்டு விலகிக் கட்டையருகில் வந்திருந்தாள். யாரும் "நில்லுங்க" என்று சொல்லவில்லை. அவள் முகத்தைத் தூக்கி, மலைப் பக்கமிருந்து வந்த காற்றில் மூக்கைக் காட்டினாள்.

"மாவு இங்கன இருக்கு. சரி. மேலேருந்து வார வாடை என்னது?"

"என்ன வாடை மதினி?"

ஆவுடையம்மாள் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"எங்க ஊரு வாடை," என்றாள்.

செண்பகவல்லி கட்டையின் கயிற்றை அவிழ்த்தாள். விரல்கள் முடிச்சில் சிக்கின.

"அவங்க உள்ள வந்தா புளிப்பும் கூட வருமே," என்றார் டாக்டர், பழக்கத்தில்.

"அது வந்துட்டு டாக்டர்."

கட்டை மேலே எழும்பியது.

"வாங்க மதினி," என்றாள்.

*

ஆவுடையம்மாள் முன்னால் நடந்தாள். வெந்நீரில் கைகால் கழுவி, ஆஸ்பத்திரித் துணியைச் சுற்றியிருந்தாள். பாதையில் இரண்டு இடத்தில் நின்று மூக்கைத் திருப்பினாள். லயன் பக்கம் போகவில்லை. அவள் கால்கள் ஆஸ்பத்திரிப் படியேறி, மெஷின் அறையைத் தாண்டி, நேராகக் கல் அறையின் கதவில் போய் நின்றன.

"இங்கதான்."

டாக்டர் பூட்டைத் திறந்தார். அலமாரியில் எவர்சில்வர்ப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. அவரவர் குழாய், அவரவர் வடிகட்டி. பெட்டியின் முகப்பில் தகரத் தகட்டில் பெயர் பொறித்திருந்தது.

"போன சந்தைக்கு வந்த உளுந்தாலயா மதினி?" செண்பகவல்லி கேட்டாள். அந்தக் கேள்வி மட்டும்தான் அவளுக்குள் இருந்தது.

"இல்ல. இது அதுக்கும் முந்தினது. மாசத்துக்குப் பக்கத்துல ஆயிருக்கும்." ஆவுடையம்மாள் அலமாரியை ஒட்டி நடந்தாள். "ஆனா முத்தல. இளசு வாடைதான். எல்லாத்துலயும் ஏறியிருக்காது. நாங்க கீழ இப்படித்தான் பிரிக்கிறது. ஏறினத எடுத்து எரிச்சுட்டா மத்தது தப்பும்."

மாசம். அதற்குள் மூன்று பேரும் எத்தனையோ முறை சுத்தம் என்று சொல்லியிருந்தார்கள். யார் சொன்னதில் அது உள்ளே வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"ஏறின பெட்டிக்காரங்களுக்கு?" என்றார் இருதயராஜ்.

மாற்று இல்லை என்பதை டாக்டர் என்றைக்கோ சொல்லியாயிற்று.

செய்தி அதற்குள் வார்டுக்கும் லயனுக்கும் போயிருந்தது. படுத்திருந்தவர்கள் எழுந்து வந்து நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருதயராஜின் மகன் நின்றான். லயனிலிருந்து வந்த நயினார் வாசல் நிலையில் சாய்ந்திருந்தான். ஆவுடையம்மாள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். இத்தனை காலமும் முற்றத்தில் நின்றாவது பார்க்கிறேன் என்று கேட்ட முகம்.

"மெலிஞ்சு போயிட்டியேப்பா," என்றாள்.

பிறகு பெட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் பெட்டியை நோக்கிப் போன கை, தகட்டைக் கண்டதும் நின்றுவிட்டது. அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்.

"செம்பகம்."

"என்ன மதினி?"

"ஒரு துணி எடுத்து இந்தப் பேரையெல்லாம் மூடு. நீ, டாக்டரம்மா, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. எது எவன் பெட்டின்னு தெரிஞ்சா என் மூக்கும் பொய் சொல்லிரும்."

செண்பகவல்லி துணியைக் கிழித்து ஒவ்வொரு தகட்டின் மேலும் கட்டினாள். நயினாருடையது வந்தபோது கை நிற்காமல் பார்த்துக்கொண்டாள். எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். நடையில் யாரோ ஒருவர் இருமினார், அடக்கிக்கொண்டார்.

பின்னால் மூடிகளைத் திறக்கும் சத்தம் கேட்டது. பெட்டிகளை இடம் மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆவுடையம்மாள் மூச்சை உள்ளே இழுப்பது.